ஒரு பொருள், பல சொல்: ஆங்கிலத்தில் சொல் தேர்வின் வரலாறு

ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும் சொற்கள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் அமைந்துள்ளன. தொடங்குவதைக் குறிக்க 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கமென்ஸ்' ஆகியவை உள்ளன. கேட்பதற்கு 'ஆஸ்க்', 'கொஸ்டியன்', 'இன்டராகேட்' என மூன்று சொற்கள் உள்ளன. அரசனுக்குரியது என்ற பொருளில் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' ஆகியவை வழங்குகின்றன. அகராதியைப் புரட்டும் மாணவருக்கு இவற்றுள் எதை எடுப்பது, எதை விடுவது என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆங்கிலேயருக்கும் இந்த ஐயம் நூற்றாண்டுகளாக இருந்து வந்துள்ளது. ஒரு சொல்லுக்குப் பதில் அதன் அருகிலுள்ள இன்னொரு சொல்லை எழுதியதற்காக நூல்கள் எரிக்கப்பட்டன. நீதிமன்றத்தில் ஒருவரது தண்டனையின் அளவே அத்தகைய சொல் வேறுபாட்டைப் பொறுத்து மாறுகிறது. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, இவற்றுக்கிடையே தேர்வு செய்யும் சிக்கல் எவ்வாறு வளர்ந்தது, அதற்கு உதவ எழுந்த நூல்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை கால வரிசையில் விளக்குகிறது.

முட்டை கேட்ட வணிகர்

இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். 1490இல் தாம் வெளியிட்ட 'ஈனிடோஸ்' என்ற நூலின் முன்னுரையில் அவர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார். தேம்ஸ் ஆற்று வழியே நெதர்லாந்துப் பகுதிக்குச் செல்லவிருந்த வணிகர் சிலர், காற்று இல்லாமையால் கரையில் தங்க நேர்ந்தது. அவர்களுள் ஷெஃபீல்ட் என்ற பெயருடைய ஒருவர் ஒரு வீட்டிற்குச் சென்று உண்பதற்கு முட்டை கேட்டார். அவர் சொன்ன சொல் 'எக்'. வீட்டுக்காரப் பெண் தமக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது என்றார். தமக்கும் பிரெஞ்சு தெரியாதே என்று வணிகருக்குக் கோபம் வந்தது. பின்னர் வேறொருவர் வந்து 'அய்ரென்' வேண்டும் என்று கேட்டதும் அப்பெண்ணுக்குப் புரிந்தது. இன்றைய நாளில் ஒருவன் இவ்விரண்டில் எதைத்தான் எழுதுவது என்று காக்ஸ்டன் அங்கே வினவுகிறார்.

இரண்டும் முட்டையைக் குறிக்கும் சொற்களே. 'அய்ரென்' தென் இங்கிலாந்தில் தொன்றுதொட்டு வழங்கிய பழைய ஆங்கிலச் சொல்லின் பன்மை வடிவம். 'எக்' வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்தது. கையால் எழுதிய காலத்தில் அவரவர் ஊர்ச் சொல்லை அவரவர் எழுதினர். அச்சு வந்தபின் ஒரே நூல் நாடு முழுவதும் செல்ல வேண்டியிருந்ததால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் தேவை எழுந்தது. இப்போட்டியில் 'எக்' வென்றது; 'அய்ரென்' வழக்கொழிந்தது.

சொற்கள் வந்த வழி

ஆங்கிலத்தின் அடித்தளம் 5ஆம் நூற்றாண்டு முதல் பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கிள், சாக்சன், ஜூட் முதலிய ஜெர்மானிய இனத்தாரின் பேச்சு. வீடு, தண்ணீர், தாய், உண், போ, வா போன்ற அன்றாடப் பொருள்களுக்கான ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவை இந்த அடுக்கைச் சேர்ந்தவை. 597இல் ரோமிலிருந்து அகஸ்டின் தலைமையில் வந்த துறவியர் கென்ட் பகுதியில் கிறித்தவத்தைப் பரப்பியபோது சமயம் சார்ந்த இலத்தீன் சொற்கள் சில நுழைந்தன.

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின் மீது நடந்த தாக்குதலைத் தொடர்ந்து வைக்கிங்குகள் வந்தனர். பின்னர் அவர்களுள் பலர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்களது மொழியும் ஆங்கிலமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. எனவே ஒரே வேரிலிருந்து பிறந்த இரண்டு சொற்கள் அருகருகே நின்றன. மேலாடையைக் குறிக்கும் 'ஷர்ட்' ஆங்கில வடிவம். 'ஸ்கர்ட்' ஸ்காண்டிநேவிய வடிவம். இரண்டும் முதலில் ஒரே வகை ஆடையைக் குறித்தவை. பின்னர் ஒன்று உடலின் மேற்பகுதிக்கும் மற்றது கீழ்ப்பகுதிக்கும் உரியதாயிற்று.

அருகருகே நிற்கும் இரு சொற்களில் ஒன்று தன் பொருளைச் சுருக்கிக்கொள்வது ஆங்கில வரலாற்றில் அடிக்கடி நிகழ்ந்தது. இறத்தலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லே இன்றைய 'ஸ்டார்வ்'. ஸ்காண்டிநேவியத் தொடர்புடைய 'டை' அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டதும், 'ஸ்டார்வ்' பட்டினியால் வாடுதல் என்ற ஒரு பொருளுக்குள் ஒதுங்கியது. அதுபோலவே 'டீர்' என்ற சொல் முன்பு எல்லா விலங்குகளையும் குறித்தது. பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்', இலத்தீனிலிருந்து 'அனிமல்' ஆகியவை வந்தபின் அது மானை மட்டும் குறிக்கலாயிற்று. முழுமையாக ஒரே பொருள் உடைய இரண்டு சொற்களை ஒரு மொழி நெடுங்காலம் சுமப்பதில்லை. ஒன்று மறையும், அல்லது இரண்டும் தமக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளும்.

நார்மானியர் ஆட்சியும் மூன்று அடுக்குகளும்

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றபின் அரசவை, நீதிமன்றம், உயர்குடியினர் இல்லம் ஆகியவற்றில் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. ஆங்கிலம் உழவர், கைவினைஞர், பணியாளர் மொழியாகத் தொடர்ந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆட்சி, சட்டம், படை, சமையல், உடை, கலை தொடர்பான பிரெஞ்சுச் சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆங்கிலத்தில் கலந்தன.

இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று விலங்கின் பெயரும் இறைச்சியின் பெயரும் ஆகும். உயிருள்ள மாடு 'ஆக்ஸ்', அதன் இறைச்சி 'பீஃப்'. ஆடு 'ஷீப்', அதன் இறைச்சி 'மட்டன்'. பன்றி 'பிக்', அதன் இறைச்சி 'போர்க்'. விலங்கை வளர்த்தவன் ஆங்கிலேயன், உண்டவன் நார்மானியன் என்று இதற்கு விளக்கம் தருவர். கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இதனைக் குறிப்பிட்டார். 1819இல் வால்டர் ஸ்காட் வெளியிட்ட 'ஐவன்ஹோ' புதினம் இதனை உலகறியச் செய்தது. இக்கருத்தில் உண்மை உண்டு என்றாலும் அது முழு உண்மையன்று. 'பீஃப்', 'மட்டன்' ஆகியவை ஆங்கிலத்தில் நெடுங்காலம் உயிருள்ள விலங்கையும் குறித்தன. 'பீவ்ஸ்' என்ற பழைய பன்மை கால்நடையையே சுட்டியது. இன்று காணும் தெளிவான பிரிவு பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல ஏற்பட்டது.

15, 16ஆம் நூற்றாண்டுகளில் மறுமலர்ச்சிக் கல்வி பரவியபோது இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேரடியாகச் சொற்கள் கொண்டுவரப்பட்டன. இதனால் பல கருத்துகளுக்கு மூன்றடுக்குச் சொற்கள் கிடைத்தன. அச்சத்திற்கு ஆங்கில 'ஃபியர்', பிரெஞ்சு 'டெரர்', இலத்தீன் 'ட்ரெபிடேஷன்'. மேலெழுவதற்கு 'ரைஸ்', 'மவுன்ட்', 'அசென்ட்'. புனிதத்திற்கு 'ஹோலி', 'சேக்ரட்', 'கான்சிக்ரேட்டட்'. பொதுவாக முதல் அடுக்கு வீட்டுப் பேச்சுக்கும், இரண்டாம் அடுக்கு இலக்கிய நடைக்கும், மூன்றாம் அடுக்கு நூல் நடைக்கும் நெருக்கமானது. இது எங்கும் செல்லும் விதியன்று. பிரெஞ்சிலிருந்து வந்த பல சொற்கள் இன்று ஆங்கிலக் குழந்தையின் முதல் சொற்களுள் அடங்கும். ஆயினும் ஒரு சொல்லின் தொனியை ஊகிக்க இந்த அடுக்கு முறை நல்ல வழிகாட்டி.

நீதிமன்றத்தில் இரட்டைச் சொற்கள்

1362இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மக்களுக்குப் பிரெஞ்சு தெரியாததால் தமக்கு எதிராகவோ சார்பாகவோ என்ன பேசப்படுகிறது என்பதே அவர்களுக்கு விளங்கவில்லை என்பது காரணம். அச்சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது. ஆவணங்கள் இலத்தீனில் தொடர்ந்தன. நீதிமன்ற ஆவணங்களில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கிய சட்டம் 1733இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இம்மும்மொழிச் சூழலின் தடயம் இன்றைய சட்ட ஆங்கிலத்திலும் உள்ளது. உயிலை 'வில் அண்ட் டெஸ்டமென்ட்' என்று எழுதுவர். முன்னது ஆங்கிலம், பின்னது இலத்தீன். அசையும் பொருள்களை 'குட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்' என்பர்; முன்னது ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு. 'பிரேக்கிங் அண்ட் என்டரிங்', 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்' என்பனவும் இவ்வகையின. எந்தச் சொல் யாருக்குப் புரியும், எதற்கு நீதிமன்றம் என்ன பொருள் கொள்ளும் என்ற ஐயம் இருந்த இடத்தில், இரண்டையும் எழுதிவிடுவது பாதுகாப்பாகத் தோன்றியது. பின்னர் அதுவே சட்ட நடையின் அழகாகக் கருதப்பட்டு, இரண்டும் பிரெஞ்சு மூலமாக இருக்கும் 'சீஸ் அண்ட் டெசிஸ்ட்' போன்ற தொடர்களும் நிலைபெற்றன.

டின்டேலும் மோரும்: சொல்லுக்காக நடந்த போர்

சொல் தேர்வு எத்துணைப் பெரிய விளைவை உண்டாக்கும் என்பதற்கு 16ஆம் நூற்றாண்டின் விவிலிய மொழிபெயர்ப்பே தலைசிறந்த சான்று. வில்லியம் டின்டேல் கிரேக்க மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் மறைவாகக் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் ஆயர் டன்ஸ்டல் அதன் படிகளை எரிக்கச் செய்தார்.

1529இல் தாமஸ் மோர் இம்மொழிபெயர்ப்பைக் கண்டித்து உரையாடல் வடிவில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் முதன்மையாகச் சுட்டிய குற்றம் சில சொற்களின் தேர்வே. 'எக்லேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு வழக்கமான 'சர்ச்' என்பதை விடுத்து 'காங்கிரிகேஷன்' என்று டின்டேல் எழுதினார். 'ப்ரெஸ்பிட்டெரோஸ்' என்பதற்கு 'ப்ரீஸ்ட்' என்னாமல் 'சீனியர்' என்றார். 'அகாப்பே' என்பதற்கு 'சாரிட்டி' என்னாமல் 'லவ்' என்றார். 'டூ பெனன்ஸ்' என்ற இடத்தில் 'ரிப்பென்ட்' என்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒவ்வொரு இணையும் ஒரே பொருளுடையது. ஆனால் 'சர்ச்' என்றால் போப்பாண்டவரின் தலைமையில் இயங்கும் அமைப்பு நினைவுக்கு வரும். 'காங்கிரிகேஷன்' என்றால் கூடியிருக்கும் மக்கள் மட்டுமே நினைவுக்கு வருவர். 'ப்ரீஸ்ட்' திருப்பலி நிறைவேற்றும் அதிகாரம் பெற்ற குரு. 'சீனியர்' வயதில் மூத்தவர். 'பெனன்ஸ்' குருவிடம் பாவ அறிக்கை செய்து அவர் விதிக்கும் கடனை நிறைவேற்றுவது. 'ரிப்பென்ட்' மனம் மாறுவது. டின்டேலின் சொற்களை ஏற்றால் குருமார், திருச்சபை, பாவ மன்னிப்பு முறை ஆகியவற்றுக்கு விவிலியத்தில் இருந்த பிடிமானம் தளர்ந்துவிடும். இதனை மோரும் அறிந்திருந்தார், டின்டேலும் அறிந்திருந்தார்.

இரு தரப்பிலும் மொழி நுட்பம் சார்ந்த வாதங்கள் இருந்தன. ஆங்கிலத்தில் 'லவ்' என்பது எல்லா வகை விருப்பத்தையும் குறிக்கும். 'சாரிட்டி' நெறிப்பட்ட தூய அன்பை மட்டும் குறிக்கும் என்றார் மோர். மோரின் நண்பரான எராஸ்மஸ் தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் 'காங்கிரிகாஷியோ' என்று எழுதியபோது அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று 1531இல் எழுதிய மறுப்பு நூலில் டின்டேல் திருப்பிக் கேட்டார். அதே நூலில் 'சீனியர்' நல்ல ஆங்கிலமன்று என்று ஒப்புக்கொண்டு, 'எல்டர்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு மாறினார். 1534 பதிப்பில் அச்சொல்லே இடம்பெற்றது. எதிரியின் கண்டனத்தால் ஒரு சொல் திருந்தியது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

1532இல் மோர் எழுதிய அடுத்த நூலில் இன்னும் நுண்ணிய குற்றச்சாட்டு ஒன்று வருகிறது. இல்லை என்று மறுக்க அக்காலத்தில் 'நோ', 'நே' என இரு சொற்கள் இருந்தன. வினா உடன்பாட்டில் இருந்தால் ஒன்றும், எதிர்மறையில் இருந்தால் மற்றொன்றும் வர வேண்டும். டின்டேலுக்கு அந்த வேறுபாடே தெரியவில்லை என்றார் மோர். அவ்வேறுபாடு பின்னர் ஆங்கிலத்திலிருந்தே மறைந்துவிட்டது.

இருவர் முடிவும் துயரமானது. அரசர் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்த மோர் 1535இல் தலை துண்டிக்கப்பட்டார். டின்டேல் இன்றைய பெல்ஜியத்திலுள்ள வில்வோர்டு என்னும் ஊரில் சமய விரோதக் குற்றத்திற்காக 1536இல் கழுத்து நெரிக்கப்பட்டு, அவர் உடல் எரிக்கப்பட்டது. இவர்களுக்கிடையே இருந்த பகை சமயக் கொள்கை பற்றியது. ஆனால் அக்கொள்கை வேறுபாடு வெளிப்பட்ட இடம், அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சொற்களே.

மைக்கூட்டுச் சொற்கள்

இதே நூற்றாண்டில் இலத்தீன் சொற்களின் பெருக்கம் மற்றொரு விவாதத்தை எழுப்பியது. தேவையற்ற இடத்தில் இலத்தீன் சொற்களைப் புகுத்துவதை 'இங்க்ஹார்ன்' சொற்கள், அதாவது மைக்கூட்டுச் சொற்கள் என்று கேலி செய்தனர். தாமஸ் வில்சன் 1553இல் எழுதிய அணிநூலில் இவ்வகை நடையை நகையாடினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் சீக் 1557இல் எழுதிய கடிதம் ஒன்றில் ஆங்கிலத்தைப் பிறமொழிக் கலப்பின்றி எழுத வேண்டும் என்றார். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில் 'சென்சூரியன்' என்பதற்கு 'ஹண்ட்ரடர்' என்றும், 'குரூசிஃபைட்' என்பதற்கு 'கிராஸ்ட்' என்றும் எழுதிப் பார்த்தார். அவர் தம் கடிதத்தில் தூய்மையைக் குறிக்க 'கிளீன்', 'ப்யூர்' என்ற இரண்டையும் சேர்த்து எழுதியுள்ளார். அவற்றுள் இரண்டாவது பிரெஞ்சு வழி வந்தது. கடன் சொல் வேண்டாம் என்று கூறவும் கடன் சொல் தேவைப்பட்டது.

புதிய சொற்கள் பெருகியதால் அவற்றுக்குப் பொருள் கூறும் நூல் தேவைப்பட்டது. 1604இல் ராபர்ட் காட்ரி வெளியிட்ட அகரவரிசை அட்டவணை, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. அதில் ஏறத்தாழ 2,500 கடினச் சொற்கள் இருந்தன. கடினச் சொல்லுக்கு எளிய சொல்லைத் தருவதே அதன் முறை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்வது அதன் நோக்கமன்று.

1611: பல சொற்களுக்கும் இடம்

அரசர் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் புதிய விவிலிய மொழிபெயர்ப்புக்கு வகுத்த விதிகளுள் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களைக் காக்க வேண்டும் என்பது. 'சர்ச்' என்பதைக் 'காங்கிரிகேஷன்' என்று பெயர்க்கக் கூடாது என்று அவ்விதி வெளிப்படையாகவே எடுத்துக்காட்டியது. 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'சர்ச்' நிலைத்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தில் 'சாரிட்டி' இடம்பெற்றது. ஆனால் 'எல்டர்', 'ரிப்பென்ட்' ஆகியவை டின்டேலின் தேர்வுப்படியே அமைந்தன.

இம்மொழிபெயர்ப்பின் முன்னுரை சொல் தேர்வு பற்றி ஒரு கொள்கையை அறிவித்தது. மூலத்தில் ஒரே சொல் வரும் இடங்களில் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லைப் பயன்படுத்த மொழிபெயர்ப்பாளர் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் 'பர்ப்பஸ்' என்றால் மற்றோரிடத்தில் 'இன்டென்ட்' எனலாம். 'பெயின்' என்பதற்கு 'ஏக்' எனலாம். 'ஜாய்' என்பதற்கு 'கிளாட்னெஸ்' எனலாம் என்றனர். 1881இல் திருத்திய புதிய ஏற்பாட்டை வெளியிட்ட குழுவினர் இதனைக் குறையாகக் கருதினர். மூலச் சொல் ஒன்றாக இருக்கும்போது இயன்றவரை மொழிபெயர்ப்புச் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நெறி. அப்பதிப்பில் 13ஆம் அதிகாரத்தின் 'சாரிட்டி' நீங்கி, டின்டேலின் 'லவ்' திரும்பி வந்தது. இதற்கிடையே 'சாரிட்டி' பொது வழக்கில் ஏழைக்கு உதவுதல் என்ற பொருளுக்குச் சுருங்கிவிட்டது. மோர் காக்க விரும்பிய பொருள் காலத்தால் கரைந்தது.

வேறுபாடு கூறும் நூல்கள்

ஒத்த பொருளுடைய சொற்களின் வேறுபாட்டை விளக்குவதற்கென்றே நூல் எழுதும் வழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. அங்கு கேப்ரியல் ஜிரார் 1718இல் இத்தகைய நூலை வெளியிட்டார். அதனை அடியொற்றி ஜான் டிரஸ்லர் 1766இல் ஆங்கிலச் சொற்களுக்கு ஒரு நூல் செய்தார். இதற்கிடையே 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் பேரகராதி, ஏறத்தாழ 42,000 சொற்களுக்குப் பொருள் கூறியது. சொற்கள் முற்றிலும் ஒரே பொருளுடையனவாக அமைவது அரிது என்பதை அதன் முன்னுரையில் அவர் ஒப்புக்கொண்டார். ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைப் பொருளாக எழுதும் அகராதி முறைக்கே உள்ள குறை இது.

இத்துறையில் தனிக் குரலாக அமைந்தது ஹெஸ்டர் லிஞ்ச் பியோட்சி 1794இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட 'பிரிட்டிஷ் சினானிமி' என்னும் நூல். இவர் ஜான்சனின் நெருங்கிய நண்பராக இருந்தவர். முதல் கணவர் ஹென்றி த்ரேல் இறந்தபின், 1784இல் இத்தாலிய இசைக்கலைஞர் கேப்ரியல் பியோட்சியை மணந்தார். இத்திருமணத்தால் ஜான்சனின் நட்பை இழந்தார். ஆங்கிலம் பேச விழையும் வெளிநாட்டாரை மனத்தில் கொண்டு அவர் இந்நூலை எழுதினார். முறையாக எழுதுவது எப்படி என்று ஆண்கள் கற்பிக்கட்டும், பழகிய உரையாடலில் எச்சொல்லைத் தேர்வது என்பதைப் பெண் சொல்லலாம் என்பது முன்னுரையில் அவர் நிலை. ஆங்கிலேயர் உரையாடலில் எந்தச் சொல் பொருந்தும், எது கேட்பவரை முகம் சுளிக்க வைக்கும் என்பதைக் கதைகளோடும் எடுத்துக்காட்டுகளோடும் விளக்கினார். ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவரின் இடர்ப்பாட்டைக் கணக்கில் எடுத்த தொடக்ககால நூல்களுள் இது ஒன்று.

1816இல் ஜார்ஜ் கிராப் எழுதிய நூல் சொல்லின் வேரைக் கொண்டு வேறுபாட்டை நிறுவ முயன்றது. நூறாண்டுக்கு மேல் பல பதிப்புகள் கண்டது. 1851இல் ஆர்ச்பிஷப் ரிச்சர்ட் வேட்லி பதிப்பித்ததாக ஒரு சிறு நூல் வந்தது. அதனை உண்மையில் எழுதியவர் அவர் மகள் எலிசபெத் ஜேன் வேட்லி. அவர் பெயர் முகப்பில் இல்லை.

ரோஜேயின் சொற்களஞ்சியம்

பீட்டர் மார்க் ரோஜே 1779இல் இலண்டனில் பிறந்த மருத்துவர். இராயல் சொசைட்டியின் செயலாளராகப் பணியாற்றியவர். தம் சொந்தப் பயன்பாட்டுக்காக 1805இல் ஒரு சொற்பட்டியலைத் தொகுத்தார். ஓய்வு பெற்றபின் அதனை விரிவாக்கி, 1852இல் 'தெசாரஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். அகர வரிசையை விடுத்து, கருத்துகளை 6 பெரும் பிரிவுகளாகவும் 1,000 தலைப்புகளாகவும் வகுத்து ஒவ்வொன்றின் கீழும் சொற்களை அடுக்கினார். அவருக்குப் பின் மகனும் பேரனும் அடுத்தடுத்து அப்பணியைத் தொடர்ந்தனர்.

ரோஜே தம் முன்னுரையில் முன்னோடி நூல்களுள் ஒன்றாக வடமொழி அமரகோசத்தைக் குறிப்பிடுகிறார். கோல்புரூக் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1808இல் செராம்பூரில் அச்சானது. பொருள் வகையால் சொற்களைத் தொகுக்கும் இம்முறை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனத் தொடங்கி 12 தொகுதிகளாக அமைந்துள்ளது. ஒரே பொருள்பட்ட சொற்களுக்கிடையே இடம் நோக்கித் தேர்வு செய்யும் நெறியும் தமிழில் பழமையானது. இரப்போன் தாழ்ந்தோனாயின் 'ஈ' என்றும், ஒத்தோனாயின் 'தா' என்றும், உயர்ந்தோனாயின் 'கொடு' என்றும் கூறுவான் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது.

ரோஜேயின் நூல் சொற்களின் வேறுபாட்டை விளக்கவில்லை. அது தம் நோக்கமன்று என்பதை அவரே தெளிவாகக் கூறியுள்ளார். மொழி அறிந்த ஒருவர், நாவில் நின்றும் நினைவுக்கு வராத சொல்லைக் கண்டெடுக்கவே அது உதவும். அதனைப் பதிலிச் சொற்களின் பட்டியலாகக் கருதி, எளிய சொல்லை எடுத்துவிட்டு அருகிலுள்ள பெரிய சொல்லை வைப்பது நூலின் நோக்கத்திற்கே மாறானது.

இந்தியச் சட்டத்தில் நெருங்கிய சொற்கள்

ஒத்த சொற்களைத் துல்லியமாகப் பிரிக்கும் பணி உயிர்நாடியாக அமைந்த மற்றொரு களம் இந்தியா. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றாடப் பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கும் சொற்களுக்கு அச்சட்டம் தனித்தனி வரையறை தந்தது. ஒருவர் வசமுள்ள பொருளை அவர் இசைவின்றி நேர்மையற்ற எண்ணத்துடன் அகற்றுவது 'தெஃப்ட்'. அச்சுறுத்தி அவரையே கொடுக்கச் செய்வது 'எக்ஸ்டார்ஷன்'. இவற்றோடு வன்முறையோ உடனடித் தீங்கு பற்றிய அச்சமோ சேர்ந்தால் 'ராபரி'. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து ராபரி செய்தால் 'டெக்காய்ட்டி'. இறுதிச் சொல் இந்திய மொழியிலிருந்து ஆங்கிலச் சட்டத்துக்குள் சென்றது.

வேறுபாடு பெயரளவில் நிற்கவில்லை. அச்சட்டத்தின்படி தெஃப்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. ராபரிக்கு 10 ஆண்டு வரை கடுங்காவல். டெக்காய்ட்டிக்கு ஆயுள் தண்டனை வரை. 'மர்டர்' என்பதா, 'கல்பபிள் ஹாமிசைட்' என்பதா என்ற வினாவில் தூக்குத் தண்டனை அடங்கியுள்ளது. முன்னதற்கு மரண தண்டனை விதிக்கலாம். மர்டர் அளவுக்குச் செல்லாத கல்பபிள் ஹாமிசைடுக்கு விதிக்க முடியாது. 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா இச்சட்டத்தின் இடத்தைப் பெற்றபின்னும் இந்த அடிப்படைப் பிரிவுகள் தொடர்கின்றன. ஒரே சட்டத்தில் இரு வேறு சொற்கள் வந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பொருள் உண்டு என்று கொள்வது சட்டத்துக்குப் பொருள் காணும் பொது நெறி.

இருபதாம் நூற்றாண்டு

1906இல் ஃபவுலர் சகோதரர்கள் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' அறியப்பட்ட சொல்லை அரிய சொல்லினும், குறுஞ்சொல்லை நெடுஞ்சொல்லினும், ஆங்கிலச் சொல்லை இலத்தீன் வழிச் சொல்லினும் மேலாகக் கொள்ளுமாறு கூறியது. வந்த சொல் மீண்டும் வரக் கூடாது என்பதற்காகவே சொல்லை மாற்றிக்கொண்டு போவதை அவர்கள் 'எலிகன்ட் வேரியேஷன்' என்று பெயரிட்டுக் கண்டித்தனர். சொல் மாறினால் பொருளும் மாறியது என்று வாசகர் எண்ணுவார் என்பது அதன் இடர்.

ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போருக்கான அகராதிகளும் இந்நூற்றாண்டில்தான் எழுந்தன. டாக்காவில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1935இல் ஓர் அகராதியை வெளியிட்டார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, தம் துணைவருடன் தொகுத்த அகராதி 1942இல் அங்கேயே அச்சாயிற்று. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதனை மறுவெளியீடு செய்தது. சொல்லின் பொருளோடு அது எந்தச் சொற்களுடன் சேர்ந்து வரும் என்பதையும் இவ்வகராதிகள் காட்டின. மொழியியலாளர் ஃபிர்த் இதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களைக் கொண்டே அறிய முடியும் என்பது அவர் கருத்து. 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டும் வலிமையைக் குறிக்கும். ஆயினும் தேநீருக்கு முன்னதும், மோட்டார் காருக்குப் பின்னதும் பொருந்தும். இதற்கு இலக்கண விதி இல்லை, வழக்கே விதி. 1987இல் பர்மிங்காமில் ஜான் சின்கிளேர் தலைமையில் வெளிவந்த 'கோபில்ட்' அகராதி, கணினியில் சேமித்த பெருந்தொகையான உண்மைப் பயன்பாடுகளிலிருந்து இத்தகைய வழக்குகளைத் திரட்டியது.

ஆங்கிலச் சொற்களைப் பொருள் வகையாலும் கால வரிசையாலும் ஒருசேர அடுக்கும் பணியை 1965இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சாமுவேல்ஸ் தொடங்கினார். 1978இல் கட்டடம் தீப்பற்றியபோது, உலோகப் பெட்டிகளில் இருந்தமையால் சொற்சீட்டுகள் தப்பின. 2009இல் அது இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு கருத்துக்கு எந்த நூற்றாண்டில் எந்தச் சொற்கள் போட்டியிட்டன என்பதை அதில் ஒரே பார்வையில் காணலாம்.

மாணவர் மனங்கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நெருங்கிய சொற்களைப் பிரித்தறிய நான்கு வினாக்கள் கிடைக்கின்றன. இச்சொல் எந்த அடுக்கைச் சேர்ந்தது? நண்பருக்கு எழுதும் கடிதத்தில் 'பிகின்' இயல்பானது. விழா அழைப்பிதழில் 'கமென்ஸ்' பொருந்தும். இச்சொல் எதனோடு சேர்ந்து வழங்குகிறது? இதனை அகராதியின் பொருள் பகுதியை விட எடுத்துக்காட்டுத் தொடர்கள் தெளிவாகக் காட்டும். இச்சொல் எந்த எண்ணத்தைக் கூடவே அழைத்து வருகிறது? டின்டேலும் மோரும் மோதியது இதில்தான். இச்சொல்லுக்கு இத்துறையில் தனி வரையறை உண்டா? சட்டம், மருத்துவம், கணக்கியல் ஆகியவற்றில் ஒத்த சொல்லை மாற்றி வைப்பது பிழையாகவே முடியும்.

தாய்மொழிச் சொல்லின் பொருள் எல்லையை ஆங்கிலச் சொல்லின் மீது ஏற்றுவதும் ஒரு பொதுத் தடுமாற்றம். தமிழில் பாடம் விளங்காதபோதும் 'சந்தேகம்' என்கிறோம். ஒருவர் பேச்சை நம்பாதபோதும் 'சந்தேகம்' என்கிறோம். எனவே விளக்கம் வேண்டும் மாணவர் தமக்கு 'டவுட்' இருப்பதாக ஆங்கிலத்தில் கூறுகிறார். இந்திய வகுப்பறையில் அது எல்லோருக்கும் புரியும். ஆனால் பிரித்தானிய வழக்கில் அச்சொல் பெரும்பாலும் நம்பிக்கையின்மையைக் குறிக்கும். கேட்கும் ஆசிரியர், தாம் சொன்னதை மாணவர் ஏற்கவில்லை என்று எண்ணக்கூடும். அங்கு வேண்டிய சொல் 'கொஸ்டியன்'.

காக்ஸ்டன் கூறிய வணிகர் பேசியதும் ஆங்கிலமே. அந்தப் பெண் அறிந்ததும் ஆங்கிலமே. அவர் சொன்ன சொல்லிலும் பிழையில்லை. கேட்பவருக்குப் பழக்கமான சொல் அதுவன்று என்பதால் அவருக்கு முட்டை கிடைக்கவில்லை. எந்தச் சொல் சரி என்று கேட்பதோடு, இந்த இடத்தில் இவருக்கு எந்தச் சொல் சரி என்றும் கேட்பதே சொல் தேர்வு.